எஞ்சினின் காது

தண்ணீர் வேண்டாம் ஐயா, போத்தலில் கொண்டுவந்திருக்கிறேன். இணுவில் கிணற்றுத் தண்ணீர் குடித்துப் பழகியவனுக்கு வேறு தண்ணீர் தொண்டையை விட்டு இறங்காது. நீங்கள் இந்தப் பக்கத்துக்குப் புதியவர் என்று நினைக்கிறேன். முதலில் சுண்ணாம்பு மணக்கிறது என்பீர்கள். கொஞ்சக் காலம் இருந்தால் வேறெங்கும் குடிக்கமாட்டீர்கள்.

என் பெயர் சீவரத்தினம். கோப்பாயில் கராச் வைத்திருக்கிறேன். வாகனங்களின் வயர் வேலைதான் எனக்குக் கைவந்தது. மாங்குளத்துக்கு அப்பால் ஒரு காரும் லொறியும் மோதிய விபத்தைப் பற்றிச் சொல்லவே வந்தேன். அங்கத்தைய பொலிஸ் நிலையத்துக்குத்தான் போயிருக்கவேண்டும். ஆனால் அவ்வளவு தூரம் போய் எனக்குப் பழக்கமில்லை. நீங்கள் எழுதி அனுப்பினால் போதும்.

அந்தக் காரில் இறந்துபோன நிருஷன், என் தங்கை அருந்ததியின் கணவர். லொறி ஓட்டிவந்த டினேஸ் என்பவரை விளக்கமறியலில் வைத்திருக்கிறார்கள். அவர் தன் பக்கத்தில், அளவான வேகத்தில்தான் வந்தார். அவரை விட்டுவிடலாம். ஒன்றும் செய்யாத மனிதன் உள்ளே இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

முதலில் அருந்ததியைப் பற்றிச் சொல்லவேண்டும். அல்லாவிட்டால் மற்றது விளங்காது.

அவள் எனக்குப் பதினைந்து வயது இளையவள். எங்கள் அப்பா செத்து ஒரு வருடம் ஆகுமுன்பே, தொண்ணூற்றைந்தில், சண்டைக்குப் பயந்து ஊரே எழும்பித் தென்மராட்சிக்குப் போனது. அவளைச் சைக்கிள் பாரில் துவாய் மடித்துப்போட்டு இருத்தி, அம்மாவைப் பின்னால் ஏற்றி, மழைக்குள் உழக்கினேன். கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் அம்மா காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். திரும்பி இணுவிலுக்கு வந்தபோது நாங்கள் இரண்டு பேர்தான். தலை இழுத்துப் பின்னிவிட்டது நான். பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டது நான். அவளுக்கு முட்டு வரும் இரவுகளில், மூச்சு இழுக்கத் தொடங்குமுன்பே எனக்குக் கேட்டுவிடும். எழும்பிப் போய் நிமிர்த்தி இருத்துவேன்.

எனக்கும் சம்பந்தங்கள் வந்தன. வருகிற பெண் இவளை ஒரு சொல் சொன்னால் என்ன செய்வது என்று விட்டுவிட்டேன். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு அவளை எடுத்தார்கள். அந்த மாதம் எனக்கு நெஞ்சுநோ வந்தது. வந்தது என்றே எழுதுங்கள். அவள் என் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து அழுதுவிட்டு, யாழ்ப்பாணத்திலேயே படிக்கிறேன் என்றாள். படித்து ஆசிரியையானாள். அச்சுவேலியில் நியமனம் கிடைத்தது. காலையில் பஸ்ஸில் ஏற்றிவிடுவேன், பின்னேரம் வந்துவிடுவாள். எல்லாம் ஒழுங்காக இருந்தது.

நிருஷனைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். அவருடைய ஆட்கள் எல்லோரும் கொழும்பில். அவர் மட்டும் வேலைக்காக யாழ்ப்பாணத்தில் அறை எடுத்து இருந்தார். இங்கே அவருக்கு வீடு இல்லை. கல்யாணம் செய்தால் எங்கள் வீட்டுக்குத்தான் வரவேண்டும். வீட்டை அருந்ததிக்குச் சீதனமாக எழுதிக்கொடுத்துவிட்டு, நான் பின்னறையில் இருந்துகொண்டேன். அவர் கெட்டவர் இல்லை. சத்தம்போட்டுப் பேசமாட்டார். சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவிவைப்பார். என்னை அண்ணை என்றுதான் கூப்பிடுவார். அவர்மேல் எனக்குக் கோபம் இருந்தது என்று நீங்கள் எழுதினால் அது பொய்.

அவரிடம் ஒரு பழைய யப்பான் கார் இருந்தது. கார்த்திகை மழையோடு அதில் பிரச்சினை தொடங்கியது. ஒருநாள் கராச் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"அண்ணை, மஞ்சள் லைற் ஒண்டு எரியுது. இழுவையும் இல்லை. பஸ்சுக்குப் பின்னாலை ஊர்ந்துதான் வந்தனான்."

"விட்டுட்டுப் போம். பாப்பம்," என்றேன்.

பார்த்தேன். நொக் சென்சர் வெடித்திருந்தது. எஞ்சினின் உடம்பில் முறுக்கியிருக்கும் ஒரு சின்னச் சாமான் அது. எஞ்சினுக்கு அதுதான் காது. உள்ளே பெற்றோல் நேரம் தப்பி வெடித்தால், பிஸ்ரனில் சுத்தியலால் தட்டுவதுபோல ஒரு தட்டு விழும். மனிதனுக்குக் கேட்குமுன்பே அதற்குக் கேட்டுவிடும். உடனே காரின் கொம்பியூட்டருக்குச் சொல்லும். கொம்பியூட்டர் பொறி விழுகிற நேரத்தைப் பின்னுக்குத் தள்ளி எஞ்சினைக் காப்பாற்றும். சென்சர் பழுதானால் கொம்பியூட்டர் பயந்துபோய் மஞ்சள் லைற்றைப் போட்டு, இழுவையைக் குறைத்துவிடும். மெதுவாகத்தான் ஓடும், ஆனால் எஞ்சினுக்கு ஆபத்து இல்லை.

புதிய சென்சருக்குக் கொழும்புக்குச் சொன்னேன். அதுவரை ஓடட்டும் என்று, சென்சரின் வயரில் அரிசியளவு றெசிஸ்ரர் ஒன்றை வைத்துக் கறுப்பு ரேப் சுற்றினேன். இது ஒன்றும் புதுமையில்லை. பலர் செய்கிறார்கள். காது இருக்கிறது, அமைதியாக இருக்கிறது என்று கொம்பியூட்டர் நம்பிவிடும். மஞ்சள் லைற் அணைந்தது. இழுவை வந்தது. வேகமாக ஓட்டவேண்டாம், சாமான் வந்ததும் மாற்றுவோம் என்று சொல்லித்தான் கார்த் திறப்பைக் கையில் கொடுத்தேன். அதுவரை நான் செய்தது நேர்மையான வேலை.

சென்சர் பஸ்ஸில் வந்து சேர்ந்த அன்று பின்னேரம், மாற்றுவதற்காக அதை வீட்டுக்கே கொண்டுபோனேன். கார் முற்றத்தில் நின்றது. அருந்ததி தேத்தண்ணி கொண்டுவந்து தந்துவிட்டுப் போகாமல் நின்றாள். அவளுடைய முகத்தில் வழக்கமில்லாத ஒரு வெளிச்சம்.

"அண்ணை, இவருக்குக் கொழும்பிலை நல்ல வேலை ஒண்டு சரிவந்திட்டுது. தைக்குப் பிறகு போகலாமெண்டு யோசிக்கிறம். நானும் இடமாற்றம் கேக்கப்போறன்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "பிள்ளையும் அங்கையே பிறக்கட்டுமெண்டு இவர் சொல்லுறார்."

பிள்ளை வரப்போகிறது என்பதை எனக்கு அவள் சொன்னது அப்போதுதான், அதையும் போகிற கதையோடு சேர்த்து.

"நல்லது," என்றேன். "சந்தோசம்."

"அண்ணையும் வந்து எங்களோடை இருக்கலாம்தானே."

"பாப்பம் பிள்ளை."

நான் தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். சென்சர் பெட்டியை எடுத்துக்கொண்டுபோய் என் அறை மேசையின் லாச்சிக்குள் வைத்தேன். பெட்டியை உடைக்கவும் இல்லை. அது இன்னும் அங்கேதான் இருக்கிறது, ஆளனுப்பி எடுக்கலாம். பிறகு முற்றத்துக்குப் போய்க் காரின் பொனற்றைத் திறந்து, பொறி விழுகிற நேரத்தைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளினேன். அப்படிச் செய்தால் கார் காளைமாடு மாதிரி இழுக்கும். உள்ளே தட்டும் கூடும். காது இருந்திருந்தால் கொம்பியூட்டர் அதைத் திருத்தியிருக்கும்.

மறுநாள் நிருஷனிடம், புதிய சென்சர் போட்டாயிற்று, இனி விரும்பியபடி ஓடலாம் என்றேன். அன்று பின்னேரம் வேலை முடிந்து வந்தவர் என் தோளில் கைபோட்டார்.

"அண்ணை, புதுக்கார் மாதிரிப் பறக்குது. உங்களை விட்டிட்டுக் கொழும்பிலை நான் ஆரட்டைப் போறது?"

அவர் பகிடியாகத்தான் சொன்னார். அந்தக் கேள்வி சரியானது என்று எனக்குப் பட்டது.

ஐயா, நான் என்ன நினைத்தேன் என்று கேட்பீர்கள். எஞ்சின் போய்விட்டால் கார் இல்லை, கார் இல்லாவிட்டால் பயணம் தள்ளிப்போகும் என்று நினைத்தேன். சில கிழமைகள் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் ஒரு கார் பழுதானதற்காகக் கொழும்புக்குப் போகாமல் விட்டவர் யாரும் இல்லை. பஸ் இருக்கிறது, ரெயில் இருக்கிறது. எனக்கு அது தெரியாதா. ஆகவே நான் வேறு எதையும் நினைக்கவில்லை என்று சொல்வது உங்களை ஏமாற்றுவதாக இருக்கும். கிளிநொச்சி தாண்டினால் பாதை நேர்ப்பாதை. எல்லோரும் வேகமாக அமத்தி ஓடுவார்கள். முன்னால் போகிற உழவு இயந்திரத்தை வெட்டி எடுத்து முந்தும்போதுதான் எஞ்சினுக்குப் பாரம் கூட. பாரம் கூடும்போதுதான் அது உடையும். இதையும் நான் நினைத்தேன். நிதானமாகவே நினைத்தேன். நிருஷனுக்கு ஏதும் நடந்தால் அருந்ததி இந்த வீட்டில்தான் இருப்பாள் என்றும் நினைத்தேன்.

பொங்கலுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் கோவிலுக்குப் போய்விட்டு நேரே கராச்சுக்கு வந்தார்கள். நிருஷன் எஞ்சினை நிறுத்தாமல் இறங்கினார்.

"அண்ணை, வேகமெடுக்கேக்கை ஒரு டிக் டிக் சத்தம். கேக்குதோ?"

கேட்டது. அவர் சொன்ன சத்தம் மட்டுமல்ல, அதற்குக் கீழே இன்னொன்றும் கேட்டது. கனமான, ஆழமான தட்டு. மரக்கதவை மூடிய கையால் தட்டுவது போல. பிஸ்ரன் தண்டைக் கீழே பிடித்திருக்கும் பெயாரிங் தேய்ந்துவிட்டால்தான் அந்தச் சத்தம் வரும். அது வந்தபிறகு எஞ்சினைக் கழற்றவேண்டும், ஓட்டக்கூடாது. தொழில் தெரிந்த எவனும் அந்த இடத்திலேயே திறப்பை வாங்கியிருப்பான்.

"உது டப்பெற் சத்தம்," என்றேன். "பழைய எஞ்சின்களிலை இருக்கும். நீர் யோசியாதையும். றேடியோவைக் கொஞ்சம் கூட்டிவிடும்."

அவர் என் முகத்தையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்கெண்டா அது கொஞ்சம் பெரிய சத்தமாக் கிடக்கு."

காருக்குள் இருந்து அருந்ததி சிரித்தாள். "அண்ணைக்குக் கேக்காததோ உங்களுக்குக் கேக்கப்போகுது? எனக்கு முட்டு வரமுதல் அண்ணைக்குக் கேட்டிடும். அண்ணை சொன்னாச் சரி, எடுங்கோ."

அவர் வெட்கப்பட்டதுபோல் தலையாட்டிவிட்டு ஏறினார். போகும்போது றேடியோச் சத்தம் கூடியது எனக்குக் கேட்டது.

அடுத்த சனிக்கிழமை அவர் கொழும்புக்குப் புறப்பட்டார். வாடகை வீடு பார்ப்பதற்கு. தனியாகப் போவதாகத்தான் பேச்சு. நான் விடியவே எழும்பி, காரின் கண்ணாடிகளைத் துடைத்து, சில்லுகளுக்குக் காற்றுப் பார்த்துவைத்தேன். பழக்கதோஷம். அவர் எஞ்சினை முடுக்கினார். குளிரில் அந்தக் கனமான தட்டு இன்னும் தெளிவாகக் கேட்டது. கொழும்பு வரைக்கும் கார் போகாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்போது அருந்ததி கைப்பையோடு படி இறங்கி வந்தாள். நல்ல சீலை உடுத்தியிருந்தாள்.

"நானும் வாறன் எண்டு இவரிட்டைச் சொல்லியிட்டன். வீடு எனக்கும் பிடிக்கவேணுமே." என்னிடம் திரும்பினாள். "அண்ணை, புட்டும் கறியும் மூடிவைச்சிருக்கிறன். ஞாயிறு வந்திடுவம்."

இந்த இடத்தை நீங்கள் கவனமாக எழுதவேண்டும் ஐயா. நான் எதையும் மறைக்க விரும்பவில்லை. என்னிடம் நேரம் இருந்தது. அவர்கள் உடனே போகவில்லை. அவள் மறந்த தண்ணீர்ப் போத்தலை எடுக்க ஒருமுறை உள்ளே போய் வந்தாள். நிருஷன் கண்ணாடியைச் சரிசெய்தார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போகவேண்டாம் என்றுகூடச் சொல்லத் தேவையில்லை. சத்தம் சரியில்லை, ஒருமுறை பார்க்கவேண்டும் என்றால் போதும். வாயில் அது வந்தது. ஆனால் இன்றைக்கு நிறுத்தினால் நாளைக்குப் பஸ்ஸில் போவாள், வீட்டைப் பார்ப்பாள், பிடிக்கும் என்பாள். அவள் சீலையை ஒதுக்கிக்கொண்டு முன்சீற்றில் ஏறினாள். நான் கதவை மூடினேன்.

"பெல்ற்றைப் போடு பிள்ளை," என்றேன்.

"போடுறன் அண்ணை."

அவள் கொளுவும்வரை ஜன்னலடியில் நின்று பார்த்தேன். கொளுவிய சத்தம் கேட்டபிறகுதான் கேற்றைத் திறந்துவிட்டேன். நான் கவனமில்லாதவன் என்று யாரும் சொல்லமுடியாது. வைத்தியரும் அதையேதான் சொன்னார். பெல்ற் போடாமல் இருந்திருந்தால் அவளும் இல்லையாம்.

பிறகு நடந்தது அருந்ததி சொன்னதிலிருந்து எனக்கு விளங்கியது. மாங்குளம் தாண்டி, நெல்மூட்டை ஏற்றிய உழவு இயந்திரம் ஒன்றை நிருஷன் வெட்டி எடுத்திருக்கிறார். எதிரே லொறி தூரத்தில்தான் வந்திருக்கிறது. சாதாரணமாக எடுத்துவிடக்கூடிய இடைவெளி. பாதி எடுத்தபோது பிஸ்ரன் தண்டு உடைந்து எஞ்சினைத் துளைத்திருக்கிறது. எஞ்சின் இறுகியது. கார் லொறி வருகிற பக்கத்தில், அதற்கு நேர்முன்னால் நின்றுபோயிற்று, லொறி வந்து மோதிவிட்டது. நிருஷன் அந்த இடத்திலேயே முடிந்துவிட்டார். அருந்ததிக்குக் கால் இரண்டு இடத்தில் முறிந்தது. பிள்ளை தங்கவில்லை.

அவள் ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் நான் பக்கத்தில் இருந்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பள்ளிக்கூடத்துக்கு லீவு எழுதினேன். காலையில் முகம் கழுவிவிட்டு, தலை இழுத்துவிட்டு, முன்விறாந்தையில் கதிரை போட்டு இருத்துவேன். குத்தரிசிக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பேன். அவள் அதிகம் கதைக்கவில்லை. சின்னதிலும் அவள் அப்படித்தான், அமைதியான பிள்ளை. அந்த மாதங்களில் வீடு பழையபடி இருந்தது.

பிறகு டினேசின் மனைவி வந்தாள். றஜிதா என்று பெயர். இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை. வந்தவள் படியேறி அருந்ததியின் காலடியில் விழுந்துவிட்டாள்.

"அக்கா, அவர் வேணுமெண்டு செய்யேல்லை. உங்கடை பிள்ளை போனதைக் கேட்டு அவர் சாப்பிடுறேல்லையாம். மன்னியுங்கோ அக்கா."

அருந்ததி குனிய முடியாமல் குனிந்து அவளைத் தூக்கப் பார்த்தாள். "உங்கடை மனிசனிலை பிழையில்லை," என்றாள். "கார் தானா நிண்டது. எத்தினை தரம் சொல்லியிட்டன், தலையிலை அடிபட்டவள் எண்டு என்ரை கதையை ஒருத்தரும் எடுக்கினமில்லை."

றஜிதா போனபிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணை, கார் ஏன் நிண்டது?"

"பழைய கார்தானே பிள்ளை."

"நீங்கள் அதைக் கேட்டனீங்கள். அண்டைக்குக் கராச்சிலை நிண்டு கேட்டனீங்கள்." அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். "டப்பெற் எண்டு சொன்னனீங்கள்."

நான் கஞ்சிக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அன்றிலிருந்து அவள் என் கையால் தலை இழுக்க விடுவதில்லை. சத்திரசிகிச்சை செய்த காலோடு தானே சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து, தன் வேலையைத் தானே செய்துகொள்கிறாள். சோகத்தில் இருப்பவர்கள் அப்படித்தான். நான் பெரிதாக எடுக்கவில்லை.

முந்தநாள் நிருஷனின் தங்கை ஆரணி கொழும்பிலிருந்து வந்தாள். இரண்டு பேரும் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கதைத்தார்கள். வெளியே வந்த ஆரணி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அண்ணியை நான் என்னோடை கூட்டிக்கொண்டு போறன். வெள்ளிக்கிழமை வான் வரும்."

அருந்ததி மறுக்கவில்லை. அடுத்தநாள் அவளுடைய அறையில் சூட்கேஸ் கட்டிலின்மேல் திறந்து கிடந்தது. கல்யாணச் சீலைகளை எல்லாம் வெளியே போட்டுவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு உடுக்கிற சீலைகளை மட்டும் மடித்து வைத்திருந்தாள்.

நான் சண்டை பிடிக்கவில்லை. நெஞ்சுநோ என்று படுக்கவும் இல்லை. இந்த வயதில் அது பொருந்தாது. இரவு முழுவதும் யோசித்தேன். டினேசை யோசித்தேன், அவருடைய பிள்ளைகளை யோசித்தேன். காலையில் குளித்து, விபூதி பூசி, இங்கே வந்தேன். றெசிஸ்ரர் எஞ்சினுக்கு மேலே வயரில்தான் இருக்கிறது, கறுப்பு ரேப்புக்குள். உடைந்த காரை மாங்குளப் பக்கத்துப் பொலிஸ் வைத்திருக்கிற வளவில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். நிருஷனைக் கொன்றது நான்தான். பிறக்காத பிள்ளையையும் என் கணக்கிலேயே எழுதுங்கள். எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று சொன்னால் போடுகிறேன்.

இன்று வியாழன். நாளைக்கு வரும் வானை இனி வேண்டாமென்று மறித்துச் சொல்லிவிடுவாள் என்று நினைக்கிறேன். கூடப்பிறந்தவன் மறியலில் கிடக்க எந்தத் தங்கச்சி ஊரை விட்டுப் போவாள். என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள். கோபப்படுவாள், அழுவாள், பிறகு சாப்பாட்டுக் கரியரோடு வந்து நிற்பாள். அவளை எனக்குத் தெரியும். வளர்த்தவன் நான்.

எத்தனை வருடம் போட்டாலும் நான் மேன்முறையீடு செய்யமாட்டேன். ஒரே ஒரு உதவி ஐயா. என்னை யாழ்ப்பாணத்து மறியலிலேயே வைத்திருக்கும்படி எழுதிவிடுங்கள். அநுராதபுரம், வெலிக்கடை என்று அனுப்பவேண்டாம். என்னைப் பார்க்க வருகிறவளுக்கு இப்போது கால் ஏலாது. தூரப் பயணம் அவளுக்குக் கூடாது.